நீலம் போட்ட சட்டை

பனந்துறையில் ஜெசிந்தா டீச்சர் வீட்டுப் பின்முற்றத்துக் கொடியில் தொங்குகிற வெள்ளைச் சட்டை ஒன்பது வருடமாகக் காயவில்லை. அக்கினி நட்சத்திரத்தில் தார்ச்சாலை இளகிச் செருப்பைப் பிடித்து இழுக்கிற நாட்களிலும், கடற்காற்று மணலை வாரிச் சுவரில் அடிக்கிற நாட்களிலும், அது சொட்டிக்கொண்டேதான் இருந்தது. நிமிடத்துக்கு நாலு சொட்டு, கூடவும் இல்லை குறையவும் இல்லை, விடிந்து அடைவதற்குள் கீழே வைத்த அலுமினியக் கிண்ணத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் சேர்ந்திருக்கும், அந்தத் தண்ணீரில் உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி இளநீலம் ஓடும்.

ஊர் முதலில் மலைத்தது, பிறகு பழகிவிட்டது. அதிசயத்தோடு குடித்தனம் நடத்தக் கற்றுக்கொள்ள ஊருக்கு ஒரு மாதம்கூடப் பிடிக்கவில்லை. கடலுக்குப் போகிறவர்கள் பின்வாசல் வழியாக வந்து ஒரு சொட்டை நெற்றியில் வைத்துக்கொண்டு போனார்கள். கண்வலிக்காரர்கள் மருந்துக்குப்பியில் பிடித்துக்கொண்டு போனார்கள். பெண் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்களை, பெண்ணைக் காட்டுவதற்கு முன் சட்டையைக் காட்டக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மின்வாரியத்து ஆட்கள் புதுக் கம்பம் நட வந்தபோது, யாரும் சொல்லாமலே, சட்டைமேல் நிழல் விழாதபடி நாலடி தள்ளிக் குழி தோண்டினார்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தால் பக்கத்து வீட்டு ரோசாரி தன் துணிகளையும் டீச்சர் துணிகளையும் சேர்த்து எடுக்க ஓடி வருவாள். அந்தச் சட்டையை மட்டும் விட்டுவிடுவாள். ஏற்கெனவே நனைஞ்சு கெடக்குறத எங்க கொண்டுபோய்க் காப்பாத்த என்பாள்.

அதற்கு என்ன அர்த்தம் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உயிர்த்தெழுதலின் அடையாளம் என்று பங்குச்சாமியார் ஈஸ்டர்தோறும் பிரசங்கம் வைத்தார். மீனவர் கண்ணீரின் அடையாளம் என்று சங்கத் தலைவர் சட்டையின் படத்தைத் தட்டியில் வரைந்து கலெக்டர் ஆபீஸ் வாசலில் கட்டினார். வட்டிக்கடைக்காரர் பொறுமை என்றார், சலூன்காரர் காதல் என்றார். அந்த நீலம் கடலின் நிறம் என்பதில் மட்டும் ஊரில் இரண்டு கருத்து இல்லை.

ஊர் சொல்கிற கதை இதுதான். டீச்சரின் ஒரே மகன் லிகோரி, இருபத்தொரு வயது. தகப்பன் மஞ்சள்காமாலையில் போனபோது ஏழு வயது. அன்றிலிருந்து தாய் கையில் வளர்ந்தவன். கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, மேலே படிக்க மாட்டேன், மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிற தோணியில் வேலைக்குச் சேர்கிறேன் என்று நின்றான். தோணி ஆழக்கடலில் நங்கூரம் போட்டு நின்றது. அதில் ஏறுவதற்காக ஒரு வியாழக்கிழமைக் காலையில் ஐந்து பேர் வள்ளத்தில் போனார்கள். முகத்துவாரத்தில் அலை மடக்கி அடித்தது. மூன்று உடல்களைப் பொழுது சாய்வதற்குள் கரை சேர்த்துவிட்டார்கள். மற்ற இருவரைக் கடல் தரவில்லை. ஒருவர் சட்டையே போட்டுப் பழகாத அறுபது வயதுப் பெரியவர், மற்றவன் லிகோரி. என்ன சட்டை போட்டிருந்தான் என்று போலீஸ்காரர் கேட்டபோது, தெருவே கூடி நிற்க, வெள்ளைச் சட்டை என்று டீச்சர் சொன்னார். நாலாம் நாள் தண்ணீர் எடுக்கப் பின்முற்றத்துக்குப் போன ரோசாரி, கொடியில் வெள்ளைச் சட்டை சொட்டச் சொட்டத் தொங்குவதைக் கண்டு குடத்தைக் கீழே போட்டாள். கடல் பிள்ளையை வைத்துக்கொண்டு சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டது என்றாள். டீச்சர் வாயைத் திறக்கவில்லை. திறக்காததை ஊர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டது.

நடந்தது வேறு. அது ஜெசிந்தா ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த வியாழக்கிழமை காலை லிகோரி குளித்துக்கொண்டிருந்த நேரத்தில், முந்தின நாள் அவன் தேய்த்து மடித்து நாற்காலியில் வைத்திருந்த வெள்ளைச் சட்டையை அவள்தான் எடுத்துக்கொண்டு போய் வாளியில் முக்கினாள். நல்ல சட்டை அது ஒன்றுதான். ஒரு நாள், ஒரே ஒரு நாள் தட்டிப்போனால் தோணி அவனை விட்டுவிட்டுப் போய்விடும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்பதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. அவன் வந்தான், கொடியைப் பார்த்தான், தாயைப் பார்த்தான், சிரித்தான். டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய கட்டம்போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, காஞ்சதும் மடிச்சு வைம்மா, அடுத்த நடைக்குப் போட்டுக்கிடுதேன் என்று சொல்லிவிட்டுப் போனான். சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தாலாவது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

போலீஸ்காரர் கேட்டபோது கட்டம்போட்ட சட்டை என்றால், வேலைக்குச் சேரப் போகிறவன் ஏன் பழைய சட்டையில் போனான் என்று அடுத்த கேள்வி வரும். வெள்ளை என்று வாயில் வந்துவிட்டது. ஐந்தாம் நாள் அவர் மறுபடி வந்தார். கோரைக்குடியில், தெற்கே நாற்பது கிலோமீட்டரில், இளவயது உடல் ஒன்று ஒதுங்கியிருக்கிறது, முகம் தெரியவில்லை, நீலமும் கறுப்புமாகக் கட்டம்போட்ட சட்டை, மேல் பித்தான் இல்லை, உங்க மகன் வெள்ளைச் சட்டைதானே என்று கேட்டார். அந்த நேரம் பின்முற்றத்தில் பாதி ஊர் மெழுகுவர்த்தியோடு முழங்காலில் நின்றுகொண்டிருந்தது, கொடியில் சட்டை சொட்டிக்கொண்டிருந்தது. ஆமா, வெள்ளைதான் என்றாள் ஜெசிந்தா. அவர் நோட்டை மூடினார். கோரைக்குடியில் யாரோ யாரையோ புதைத்தார்கள்.

அன்றிலிருந்து அவளுக்கு இரண்டு பயம். யாராவது அந்தச் சட்டையைச் சரியாகப் பார்த்துவிடுவார்களோ என்று ஒரு பயம். பார்த்துவிட்டால் அது காய்ந்துபோகுமோ என்று இன்னொன்று. மகனை அன்னியக் கரையில் பேரில்லாமல் போட்டுவிட்ட தாய்க்கு மிச்சம் இருந்தது அந்த ஈரம் ஒன்றுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதன் கீழே போய் நிற்பாள், உச்சந்தலையில் ஒரு சொட்டு விழும், அதன் பிறகுதான் வீட்டுக்குள் போய் விளக்கைப் போடுவாள்.

இப்படியே ஓய்வுபெறும்வரை ஓட்டியிருக்கலாம். அந்த வருடம் பதினோராம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் புதிதாக ஒரு பகுதி வந்தது: ஒரு கதையில் வரும் குறியீட்டை ஆராய்ந்து கட்டுரை எழுதுக, இருபது மதிப்பெண். பாடநூலில் கதையும் கொடுத்திருந்தார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் கிளி இல்லாத கூண்டு ஒன்றைத் தன் அறையில் வைத்திருக்கிறார், வீடு மாறும்போதெல்லாம் அதையும் தூக்கிக்கொண்டு போகிறார், அவ்வளவுதான் கதை. பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேரும் எழுதிக் கொடுத்தார்கள். முப்பத்தெட்டுத் தாளிலும் முதல் வரி ஒன்றுதான்: வெற்றுக் கூண்டு விடுதலை வேட்கையின் குறியீடாகும். கைடில் அப்படிப் போட்டிருந்தது. ஒருவன் கைடின் பக்க எண்ணையும் சேர்த்து எழுதியிருந்தான்.

ஜெசிந்தாவுக்கு வந்த கோபத்தில் கைடுகளையெல்லாம் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள். அவள் நல்ல வாத்தியார். ஊருக்கு முன்னால் வாய்மூடிக் கிடந்தாலும் கரும்பலகைக்கு முன்னால் பொய் சொல்லத் தெரியாதவள். முதலில் கண்ணில் பட்டதை எழுது, பிறகு அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேள், கடைசியாகத்தான் அர்த்தம் என்று பெரிதாக எழுதிப் போட்டாள். கதையைத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். கூண்டின் கதவுக்குத் தபால்காரர் எண்ணெய் போடுவதாக ஒரு வரி மூலையில் கிடந்தது, முப்பத்தெட்டுப் பேரும் தாண்டிப் போன வரி. கிளி இல்லாத கூண்டின் கதவுக்கு எவன் எண்ணெய் போடுவான் என்று கேட்டாள். வகுப்பு யோசித்தது. கிளி வந்தா கதவு சத்தம் போடாம தெறக்கணும்னு நெனைக்கிறவன் போடுவான் டீச்சர் என்றது பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல். அப்படியென்றால் அது விடுதலையா, காத்திருப்பா என்று கேட்டபோது, பிள்ளைகள் பாடநூலைத் திறந்து அந்த வரியைத் தாங்களாகவே திரும்ப வாசித்தார்கள். ஜெசிந்தாவுக்கு வெகுநாளைக்குப் பிறகு மனம் நிறைந்தது. அந்த நிறைவில்தான் அவள் அந்தத் தவறைச் செய்தாள். அடுத்த கட்டுரைக்குப் பாடநூல் வேண்டாம், நம்ம ஊரில் எல்லோரும் பார்த்த ஒரு சாமானை எடுத்து எழுதுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

கலங்கரை விளக்கத்தை இருவர் எழுதினார்கள். முப்பத்தைந்து பேர் சட்டையை எழுதியிருந்தார்கள்.

தாள்களை வாங்கியவள் ஆசிரியர் அறைக்குக்கூடப் போகாமல் அங்கேயே நின்று புரட்டினாள். வாசித்ததும் மூச்சு வந்தது. உயிர்த்தெழுதல், கண்ணீர், பொறுமை, கடலின் நிறம். கைடைப் பூட்டி வைத்தால் பிள்ளைகள் ஊரைப் பார்த்து எழுதியிருந்தார்கள், ஊர் அதைவிடப் பெரிய கைடு. எல்லோருக்கும் பத்து, பதினொன்று போட்டாள். முப்பத்தெட்டாவது தாளில் பெயர் மட்டும் இருந்தது, முத்துப்பேச்சி. கீழே ஒரு வரி: சட்டையைத்தான் எழுதப் போகிறேன் டீச்சர், இன்னும் பார்த்து முடிக்கவில்லை.

முத்துப்பேச்சி வகுப்பில் இருக்கிற இடம் தெரியாத பெண். அவளுடைய அம்மா பள்ளிக்கூடத்து விடுதியில் துணி வெளுக்கிறவள். சனி ஞாயிறுகளில் தாயும் மகளும் சேர்ந்து நூற்றிருபது வெள்ளைச் சட்டைகள் துவைப்பார்கள். வாசலில் வந்து நின்று, வீட்டுக்கு வந்து சட்டையைப் பார்த்துக்கிடலாமா என்று கேட்டாள். முதலில் கண்ணில் பட்டதை எழுது என்று கரும்பலகையில் எழுதிய கை, வராதே என்று எப்படிச் சொல்லும்.

மூன்று வாரம், விடுதி வேலைக்குப் போகும் வழியில் வந்தாள். துவைகல்லில் உட்கார்ந்து கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். தொடவில்லை. ஒரு சொட்டை விரலில் ஏந்தி நாக்கில் வைத்தாள். பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணித்துண்டை எடுத்துக் கிண்ணத்தில் நனைத்து வெயிலில் பிடித்தாள். ஜெசிந்தா அடுக்களை ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஒருதரம் கழுவிய டம்ளர்களையே திரும்பத் திரும்பக் கழுவினாள். போய் அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துத் திருப்பிவிடலாமா என்று இருந்தது. பார் மகளே, நீயாவது பார் என்றும் இருந்தது. இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் கிடந்தன.

மூன்றாம் வாரம் போகிற நேரத்தில் அந்தப் பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இதத் தலைகீழாக் கொடியில போட்டது யாரு டீச்சர்?"

"அப்படியேதான் கெடந்துச்சு" என்றாள் ஜெசிந்தா.

முத்துப்பேச்சி தலையாட்டிவிட்டுப் போனாள். திங்கள்கிழமை கட்டுரை வந்தது, முழுத்தாளில் ஒன்றரைப் பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல். மதிய இடைவேளையில், ஆசிரியர் அறையில் மற்றவர்கள் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தபோது, ஜெசிந்தா அதை வாசித்தாள்.

'சட்டை தலைகீழாகத் தொங்குகிறது. கீழ்மடிப்பில் இரண்டு கிளிப் போட்டிருக்கிறது. துவைத்த சட்டையைத்தான் இப்படிப் போடுவார்கள். கழுத்துப்பட்டை தூக்கிவிடப்பட்டிருக்கிறது, பிரஷ் போட்ட இடத்தில் நூல் லேசாகப் பிரிந்திருக்கிறது. சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லை. அதிலுள்ள நீலம் கடலின் நிறம் என்கிறார்கள். கடல்தண்ணீரைக் கையில் அள்ளினால் அதற்கு நிறம் கிடையாது. இது துணிக்குப் போடுகிற சொட்டு நீலம். வாராவாரம் நூற்றிருபது சட்டைக்கு நீலம் போடுகிறவள் நான், பார்த்தால் தெரியும்.

ஆகவே இந்தச் சட்டை கடலுக்குப் போகவில்லை. போகவேண்டிய நாளில் இது கொடியில் ஈரமாக இருந்திருக்கிறது. புறப்படுகிற நாளில் யாரும் நல்ல சட்டையைத் துவைக்க மாட்டார்கள். புறப்படக் கூடாது என்று நினைக்கிறவர்கள்தான் துவைப்பார்கள். ஊர் இதைத் திரும்பி வந்த சட்டை என்கிறது. நான் பார்த்தவரையில் இது தடுத்துப் பார்த்த சட்டை.

தடுப்பது மட்டும்தான் எண்ணம் என்றால் தண்ணீரில் முக்கிப் போட்டிருந்தால் போதும். துவைத்தவர் கழுத்துப்பட்டைக்குப் பிரஷ் போட்டிருக்கிறார், சோப்பு வாடை போக அலசியிருக்கிறார், நீலமும் போட்டிருக்கிறார். இன்னொரு நாள் இதைப் போட்டுக்கொண்டு வெள்ளையும் சொள்ளையுமாகப் போகட்டும் என்றும் நினைத்திருக்கிறார். ஒரே கையில் இரண்டு நினைப்பு. அந்த இன்னொரு நாள் வரவில்லை. அதனால்தான் சட்டை இன்னும் காயவில்லை என்று நினைக்கிறேன்.'

நீலம் போட்டது ஜெசிந்தாவுக்கே மறந்துபோயிருந்தது. ஒன்பது வருடமாக வாளியில் முக்கினதை மட்டும்தான் நினைத்து நினைத்துத் தன்னைக் குத்திக்கொண்டிருந்தாள். அலசினாளே, உதறினாளே, கழுத்துப்பட்டையைத் தூக்கிவிட்டாளே, அந்தக் கோபத்திலும் நீலப்புட்டியைத் தேடி எடுத்தாளே. அந்தப் பெண் அந்த அரைமணி நேரத்தை அவளுக்குத் திருப்பிக் கொடுத்திருந்தாள். அதற்காக அவள் காலில் விழலாம். ஆனால் பயம் அதைவிட வேகமானது. ஜெசிந்தா சிவப்புப் பேனாவை எடுத்து, ஆதாரம் போதாது என்று எழுதி, பக்கத்தில் ஏழு போட்டாள். கரும்பலகை, வகுப்பு, தாள் என்று வந்த இடத்தில் அவள் சொன்ன முதல் பொய் அது.

முத்துப்பேச்சி தாளை வாங்கிப் பார்த்தாள். முகம் சுளிக்கவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. "சரி டீச்சர். எனக்குத்தான் பாக்கத் தெரியல போல" என்றாள்.

மறுநாள் காலையில் கேட்காமலே வேறு தாள் எழுதிக்கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். முதல் வரி: ஈரச் சட்டை தாயன்பின் குறியீடாகும். அதற்குக் கீழே உயிர்த்தெழுதல் இருந்தது, கண்ணீர் இருந்தது, கடலின் நிறம் இருந்தது.

கடலின் நிறம் என்ற இடத்துக்கு வந்ததும் ஜெசிந்தாவால் மேலே வாசிக்க முடியவில்லை. அந்தப் பெண் தன் கண்ணால் பார்த்த நீலத்தை, நகக்கண்ணில் வாராவாரம் ஏறுகிற நீலத்தை, டீச்சர் சொன்னார் என்பதற்காக இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தாள். ஒரு பிள்ளையைப் போகவிடாமல் தடுக்கிறேன் என்று வாளியில் முக்கினது போதாதென்று, இன்னொரு பிள்ளையின் கண்ணையும் முக்கியாயிற்று என்று அவள் நெஞ்சு சொன்னது. தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். ஜலதோஷம் என்று நினைத்து அறிவியல் டீச்சர் தைலம் கொடுத்தார்.

மூன்றாவது பாடவேளை. வகுப்புக்குப் போனாள். முத்துப்பேச்சியிடம் முதல் தாளைக் கேட்டு வாங்கி, அவள் தரத் தயங்கியபோதும் வாங்கி, முப்பத்தெட்டுப் பேருக்கும் கேட்கிற மாதிரி முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தைவரை வாசித்தாள். இரண்டு இடத்தில் நிறுத்தி, திரும்ப அதே வரியிலிருந்து வாசித்தாள்.

"இதுல ஆதாரம் போதாதுன்னு எழுதியிருந்தேன்" என்றாள். "அது பொய். இதுல எழுதியிருக்கிறது அம்புட்டும் நெசம். வேற ஆதாரம் வேணும்னா நான்தான். அந்தச் சட்டையத் தொவைச்சது நான். அவன் போகக் கூடாதுன்னுதான் தொவைச்சேன்."

தாளில் ஏழு என்பதை அடித்துவிட்டு இருபது போட்டாள். தமிழ்க் கட்டுரைக்கு இருபதுக்கு இருபது போடுகிற வழக்கம் அந்தப் பள்ளிக்கூடத்தில் கிடையாது. முத்துப்பேச்சி தாளை வாங்கிக்கொண்டு, உட்கார மறந்து, பாடவேளை முடிகிறவரை நின்றுகொண்டே இருந்தாள்.

அதே நேரத்தில் பின்முற்றத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ரோசாரி, காதில் எப்போதும் விழுந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று விழவில்லையே என்று திரும்பிப் பார்த்தாள். கழுத்துப்பட்டையின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு நின்றது. விழவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிறுத்தது, மறைந்தது. சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் சட்டை கஞ்சி போட்ட மாதிரி விறைத்துக் காற்றில் படபடத்தது. மணி சத்தத்துக்கு முன்னால் சேதி பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது.

ஊர் அதையும் செரித்தது. நாலைந்து நாள் யாரும் டீச்சரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை; ஒன்பது வருடம் நெற்றியில் வைத்தது துணி அலசின தண்ணீரா என்று சிலர் முனகினார்கள், கண்வலி சரியானது என்னவோ உண்மைதானே என்று சிலர் சொன்னார்கள். பங்குச்சாமியார் அடுத்த ஞாயிறு, செய்த பாவத்தை வாய்விட்டுச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத்தைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார், சட்டையின் பேரைச் சொல்லவில்லை, எல்லோருக்கும் புரிந்தது. கடலுக்குப் போகிறவர்கள் பழக்கதோஷத்தில் பின்வாசல் வழியாக வந்து, சொட்டாத சட்டையின் கீழே ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போனார்கள். ரோசாரி காய்ந்த சட்டையைக் கிளிப் கழற்றி எடுத்து, இனி மழை வந்தா இதயும் சேத்து எடுக்கணும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே மடித்தாள். டீச்சர் கையில் கொடுக்கும்போதுதான் ஒன்பது வருடத்துக்கு முந்தின அந்த ஐந்தாம் நாள் அவளுக்கு ஞாபகம் வந்தது. அன்று போலீஸ்காரருக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள்தான்.

"அப்பம் அந்தக் கட்டம்போட்ட சட்டை?" என்று கேட்டாள்.

ஜெசிந்தா சட்டையை வாங்கிப் பையில் வைத்தாள். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கோரைக்குடிக்குப் போனாள்.

ஐப்பசி மாதம், போகிற வழியெல்லாம் தூறல். கோரைக்குடிக் கல்லறைத் தோட்டம் கடலை ஒட்டி, வேலி இல்லாமல் கிடந்தது. ஓரத்தில் பேரில்லாதவர்களைப் புதைக்கிற இடம். அங்கே ஒரு மணல்மேட்டின் மேல் சாக்கை விரித்து, நாற்பது வயதுப் பெண் ஒருத்தி கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சுற்றிலும் தூறல் விழுந்தது, மேட்டில் விழவில்லை. அவள் பேர் மரியசெல்வி, கல்லறைத் தோட்டத்தைப் பெருக்குகிற பொறுப்பும் அவளுக்குத்தான். மேட்டைப் பற்றி, ஊரில் இருக்கிற தபால்பெட்டியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். இந்த இடத்தில் மட்டும் மழை விழாது, ஒன்பது வருடத்துக்கு முன் வெட்டின நாளிலிருந்தே இப்படித்தான், அடைமழையில் ஊருக்கே கருவாடு காய்வது இங்கேதான், கல்யாண வீட்டுக்காரர்கள் பட்டுப்புடவையைக்கூட இங்கே கொண்டுவந்து உலர்த்துவார்கள். கீழே கிடக்கிறவர் யாரோ தெரியாது, நல்ல மனுஷனாகத்தான் இருக்கவேண்டும். பேர் தெரியாததால் சிலுவை நடவில்லை. யாராவது அடையாளம் சொல்லிக்கொண்டு வந்தால் நடலாம் என்று சாமியார் சொல்லியிருக்கிறார். இதுவரை யாரும் வரவில்லை.

ஜெசிந்தா முழங்கால் மடக்கி உட்கார்ந்தாள். மணல் வெதுவெதுப்பாக இருந்தது. ஒன்பது மழைக்காலமும் ஒரு சொட்டு ஈரம் காணாமல், ஊரான் கருவாட்டையும் ஊரான் புடவையையும் உலர்த்திக் கொடுத்துக்கொண்டு கிடந்திருக்கிறான்.

"அடையாளம் எதும் தெரியுமாம்மா?" என்று கேட்டாள் மரியசெல்வி.

முதலில் கண்ணில் பட்டதைச் சொல்லவேண்டும். "கட்டம்போட்ட சட்டை. நீலமும் கறுப்பும்" என்றாள். "மேல் பித்தான் கெடையாது."

"அப்படித்தான் எழுதி வச்சிருக்காவ. பித்தான் இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பிறகு அது ஏன் அப்படி இருக்கிறது என்று சொல்லவேண்டும். "ரெண்டு மாசமாத் தச்சுத் தாரேன் தச்சுத் தாரேன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். தைக்கல."

மரியசெல்வி கையிலிருந்த மீனைச் சாக்கில் வைத்தாள். "அப்பம் இது யாரும்மா?"

கடைசியாகத்தான் அர்த்தம். ஒன்பது வருடம் பிந்தி அதையும் சொன்னாள்.

"எம் மவன்."

மேட்டின் மேல் முதல் துளி விழுந்தது. மரியசெல்வி அண்ணாந்து பார்த்தாள். பிறகு பதறிக்கொண்டு கருவாட்டை அள்ள ஆரம்பித்தாள். ஜெசிந்தா பையிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்து உதறினாள். கழுத்து மேலே வரும்படி, கை இரண்டும் இரண்டு பக்கமாக, மணலில் நேராக விரித்தாள். பித்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். மழை வலுத்தது. துணி எடுங்கம்மா, நனையுது பாருங்க என்று சாக்கைச் சுமந்துகொண்டு ஓடிய மரியசெல்வி திரும்பிக் கத்தினாள். ஜெசிந்தா எடுக்கவில்லை.